மணியோசை எட்டும் தூரம்

நியூ டான்ஸிக் நகரில் வெண்டல் லெம்கேயின் வீட்டு நிலவறையில் ஒரு பேய் பதினோரு வருடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து மூன்று மனிதர்களும் ஊரை விட்டு வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேயின் மேல் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு விதிகளில் இருந்தது. விதிகளை எழுதியவன் வெண்டல். ஊரில் யாரைக் கேட்டாலும் அது தொடங்கிய வருடம் பால் விலை விழுந்ததை முதலில் சொல்வார்கள், மிஷிகன் ஏரி சீக்கிரமே உறைந்ததை அடுத்துச் சொல்வார்கள், மூன்றாவதாகத்தான் இதைச் சொல்வார்கள்.

வெண்டலுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மூடிப்போன காலணித் தொழிற்சாலையின் மேல்மாடியில் ரஸ் ஹாலர் என்பவர் நடத்திய விளையாட்டுக் கம்பெனியில் விதி எழுதுவது அவன் வேலை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன், ஒருத்தி வாள்வீச்சுக்காரி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே கதையை நடத்தி, கதவு உடையுமா, பாம்பு கடிக்குமா, கடித்தால் பிழைப்பானா என்கிற சந்தேகங்களைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் விளையாட்டு அது. இதற்கெல்லாம் ஒரு ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு விதி எழுதுகிறான் என்பதைச் சுற்றுவட்டாரப் பால்பண்ணைக்காரர்கள் கடைசிவரை நம்பவில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்ததால் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில், 1984ஆம் வருடம், மண் விழுந்தது. இந்த விளையாட்டில் பிசாசு இருக்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நாடெங்கும் பாதிரிமார்களும் தாய்மார்களும் கிளம்பிவிட்டார்கள். ஹாலர் ஒரு வாரம் தூங்காமல் யோசித்துவிட்டு வெண்டலைக் கூப்பிட்டார்.

"பிசாசு இருக்குன்னுதானே கத்துறாங்க? அதை ஓட்டுறதுக்கும் வழி வெச்சுட்டா வாயை மூடிக்குவாங்க. எனக்குப் பேயோட்டுற விதி வேணும், வெண்டல். பதினாறு பக்கம். சர்ச்சுக்காரங்க படிச்சா ஞாயித்துக்கிழமைப் பாடம் மாதிரி இருக்கணும், பசங்க படிச்சா பேண்ட் நனையணும்."

வெண்டல் அந்த இலையுதிர்காலம் முழுவதும் எழுதினான். அவன் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பேயின் பலமும் ஓட்டுபவரின் பலமும் தராசில் வைத்தாற்போல நின்றன. யார் பக்கமும் ஒரு மயிரிழை சாயவில்லை. அவன் தொழிலில் அதற்கு மேல் ஒரு பெருமை கிடையாது. உப்புக்கு என்ன பயன், மெழுகுவர்த்தி அணைந்தால் என்ன, பேய் பொய் சொல்லலாமா (கூடாது என்று எழுதினான்), இருக்கும் இடத்தின் சூட்டை அது எவ்வளவு உறிஞ்சும் என்று எதையும் விடவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கொஞ்சம் கடுமையாக இருந்தான். ஆட்டத்தின் நடுவில் யாராவது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவது அவனுக்கு ஆகவே ஆகாது. அதனால் இப்படி எழுதினான்: சடங்கு மணி அடித்த பிறகு, மேசையில் இருப்பவர் எவரும் அந்த மணியின் ஓசை எட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மேசைக்கே திரும்பி வந்து சேர்வர். பேய் தோற்றால் சடங்கு முடியும், அல்லது அது எதற்காக வந்ததோ அது கிடைத்தால் முடியும். இரண்டு பக்கமும் பகடை சமமாக விழுந்தால் அடுத்த வாரம் மறுபடி உருட்ட வேண்டும்.

எழுதிய விதியை நாலு பேரை வைத்து ஆடிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவது அந்தக் கம்பெனியில் வழக்கமில்லை. ஆனால் அது நவம்பர் மாதம், மான் வேட்டை தொடங்குகிற வாரம். நியூ டான்ஸிக்கில் அந்த வாரம் ஒருவன் செத்தால்கூடப் பெட்டி தூக்க ஆள் கிடைக்காது. ஆம்பிளைகள் எல்லாம் ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருந்தவன் பியர் லாரி ஓட்டுகிற டிக் குபியாக் ஒருவன்தான். போன வருடம் மான் என்று நினைத்து மைத்துனனின் தெர்மாஸ் பிளாஸ்கைச் சுட்டதால் அவனை எந்தக் கூட்டத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேயோட்டுபவராக உட்கார இன்னொரு ஆள் வேண்டும். வெண்டல் நிலவறையிலிருந்து படியேறிப் போய், பெட்டி கட்டிக்கொண்டிருந்த தங்கை மார்லிஸைக் கூப்பிட்டான். மார்லிஸுக்கு இருபத்துநாலு வயது. நர்ஸ் படிப்பை முடித்து, அரிசோனாவில் டூசான் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, திங்கள்கிழமை பஸ் ஏற இருந்தாள். அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பலில் போனவர் திரும்பவில்லை, அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். அவள் போவதைப் பற்றி வெண்டல் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. வழிக்கு ஆகுமென்று ஒரு நல்ல டார்ச் விளக்கு வாங்கிக் கொடுத்திருந்தான்.

"ரெண்டு மணி நேரம், மார்லிஸ். அவ்வளவுதான்."

"உன் ரெண்டு மணி நேரம் எனக்குத் தெரியாதா? போன தடவை பிறந்தநாள் கேக் காஞ்சு ரொட்டியாப் போச்சு."

"குபியாக் சிப்ஸ் கொண்டுவந்திருக்கான்."

"அவன் கொண்டுவந்தா அவனே தின்னுடுவான்," என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கி வந்தாள்.

நாற்காலி நாலு. வழக்கமாக நாலாவதில் உட்காருகிறவன் காட்டில் இருந்ததால் அது காலியாக இருந்தது. ஓட்டப்படுகிற பேய்க்கு வெண்டல் அஸ்காரத்தூர் என்று பெயர் வைத்திருந்தான். "வாயில நுழையுற மாதிரி வைடா. நான் ஆஸ்கர்னுதான் கூப்பிடுவேன்," என்றான் குபியாக். சடங்குக்கு மணி வேண்டும், மணி இல்லை. மார்லிஸ் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வரவா என்று கேட்டாள். எதற்கு, ஆறு மணிக்குக் காசிமிர் தேவாலயத்தில் மூவேளை ஜெப மணி அடிக்கும், அதையே வைத்துக்கொள் என்று குபியாக் சொன்னான். அந்தச் சோம்பேறித்தனத்துக்காக அவனுக்கு ஊரே நன்றி சொல்ல வேண்டும். சைக்கிள் மணி என்றிருந்தால் அவர்கள் மூன்று பேரும் நிலவறையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார்கள். மணி அடித்தது. காலி நாற்காலியின் மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்தாற்போல அமுங்கியது. நனைந்த கம்பளி வாசனை வந்தது, அறை குளிர்ந்தது. மார்லிஸ் இருபது முகப் பகடையை உருட்டினாள், பதினொன்று. இன்னொரு பகடை தானாக நகர்ந்து உருண்டது, அதுவும் பதினொன்று. அடுப்பு பழுதுபார்க்க வந்தவன் பேசுவது போன்ற சாந்தமான குரலில் நாற்காலி சொன்னது: "சமம். அப்போ அடுத்த வியாழக்கிழமை பார்ப்போமா?"

குபியாக் சிப்ஸை வாயில் வைத்தபடியே படியேறி வீட்டுக்கு ஓடினான். ஓட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை, அவன் வீடு மணியோசைக்குள்தான் இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியவன், கையில் ஸ்டியரிங்கைப் பிடித்த நிலையிலேயே வெண்டல் வீட்டு நிலவறைப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தான். லாரி எஞ்சின் ஓடிக்கொண்டே சாலையோரம் நின்றது. திங்கள்கிழமை மார்லிஸ் பஸ் ஏறினாள். அதே இடத்தில் அவளும் இறங்கினாள், படி வழியாக. கையில் பஸ் டிக்கெட் இருந்தது. அவள் பெட்டி மட்டும் டூசான் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைச் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள், வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள்.

வெண்டல் ஹாலரிடம் போய், தயவுசெய்து இதை அச்சடிக்காதீர்கள், நாடு முழுக்கப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்று கெஞ்சினான். ஹாலர் ஏற்கெனவே காகிதம் வாங்கிவிட்டார். ஆனால் கடைசி நேரத்தில் ஒரு பகடை வியாபாரி அரைப் பக்க விளம்பரம் கொடுத்ததால், இடத்துக்காக மணி விதியை வெட்டி எறிந்தார். நாடு அப்படித்தான் பிழைத்தது. புத்தகம் சுமாராக விற்றது. பாதிரிமார்கள் வாயை மூடவில்லை.

விதியை மாற்றிவிட்டால் என்ன என்று வெண்டலுக்குத் தோன்றாமல் இல்லை. மார்லிஸ் படியில் இறங்கி வந்த இரவே சிவப்பு மசியால், சமமானால் ஓட்டுபவருக்கே வெற்றி என்று எழுதினான். மசி காகிதத்தை விட்டு வழுக்கி இறங்கி மேசையில் சின்னக் குளமாகத் தேங்கி நின்றது. "ஆட்டம் நடுவுல விதியை மாத்துறது அழுகுணி ஆட்டம் இல்லையா?" என்று ஆஸ்கர் வருத்தத்தோடு கேட்டது. கம்பெனிப் புத்தகம் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்தவனே வெண்டல்தான். அடுத்து காசிமிர் தேவாலயத்து ஃபாதர் ஜெலின்ஸ்கி அங்கி, தீர்த்தம், லத்தீன் புத்தகம் எல்லாவற்றோடும் வந்து ஒன்றரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓதினார். நாற்காலி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "ரொம்ப அழகா இருந்துச்சு ஃபாதர். ஆனா அது வேற புத்தகத்து விதி. எனக்குச் செல்லாது," என்றது. ஃபாதருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் காபியைக் குடித்துவிட்டு, லூதரன் சபைக்காரர்களையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்று குத்தலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. மாவட்டச் சாலை இலாகா, பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்கு அப்பால், ஆளில்லாமல் நிற்கும் வண்டிகளுக்கென்று சாலையோரத்தில் ஜல்லி கொட்டி இடம் ஒதுக்கியது. பியர் கம்பெனி குபியாக்குக்கு ஊருக்குள்ளேயே சுற்றும் வேலையைக் கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷன் எங்கே இருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் குபியாக்கின் மனைவி டார்லீன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். குபியாக்கும் சீக்கிரம் தேறிவிட்டான். ஆஸ்கரின் நாற்காலிக் காலடியில் வைத்த பியர் ஐஸ் பெட்டியில் வைத்ததைவிட வேகமாகக் குளிர்ந்ததைக் கண்டுபிடித்தது அவன்தான். வியாழக்கிழமை ஆறு மணிக்கு மணி அடிக்கும், மார்லிஸ் உருட்டுவாள், ஆஸ்கரின் பகடை உருளும், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். மூன்றென்றால் மூன்று, பத்தொன்பதென்றால் பத்தொன்பது. தராசு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெண்டல் தன்னையே திட்டிக்கொள்வான். அந்தத் திட்டுக்கு அடியில், வெட்கம்கெட்டு, இப்படி ஒரு விதி எழுதினோமே என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

மார்லிஸ்தான் பழகவில்லை. முதல் வருடம் முழுக்க அவள் அண்ணனோடு பேசவே இல்லை, வியாழக்கிழமை ஒரு வார்த்தை தவிர. "கொடு," என்பாள், அவன் பகடையைக் கொடுப்பான். ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓய்வு நாளில் எல்லையைத் தேடி நடப்பாள். எல்லை ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தந்த நாளில் மணியோசை எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவுதான் அது. தெற்குக் காற்றில் வடக்கே அரைமைல் கூடும், மூடுபனியில் தபால் நிலையம் வரைக்கும்கூடச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் தபால்தலை வாங்கப் போனவள் பல தடவை நிலவறையில் இறங்கியிருக்கிறாள். வானொலியில் ஊரே உருளைக்கிழங்கு விலை கேட்கும்போது அவள் காற்றின் திசையைக் கேட்பாள். மணியை டேப்பில் பதிவு செய்து காரில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். படியில் இறங்கும்போது டேப் ரெக்கார்டர் கையில் பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில், காற்றே இல்லாத கடுங்குளிர் நாளில், அவள் உறைந்த ஏரியின் மேல் நடந்தாள். பனிக்கட்டியின் மேல் ஓசை வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வெண்டல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புத் தொப்பி சிறிசாகிச் சிறிசாகி ஒரு புள்ளியானது, பிறகு புள்ளியும் தெரியவில்லை. போய்விட்டாள் என்று நினைத்தான். வீட்டுக்கு ஓடினான். அவள் நிலவறையின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள், கண் இமையெல்லாம் பனி.

"அந்தப் பக்கத்துக் கரைல விளக்கு தெரிஞ்சுது வெண்டல். நிஜமாத் தெரிஞ்சுது," என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு ஆஸ்கர் பக்கம் திரும்பி, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினாள்.

"நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். நான் எதுக்கு வந்தேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றது நாற்காலி. வெண்டல் பதினாறு பக்கத்தையும் புரட்டினான். பலம் இருந்தது, பலவீனம் இருந்தது, உப்பு இருந்தது, சூடு இருந்தது. எதற்காக வந்தது என்பது மட்டும் இல்லை. அந்தத் தொழிலில் யாருமே அதை எழுதுவதில்லை. அரக்கன் எத்தனை அடி தாங்குவான், டிராகனின் பெட்டியில் எவ்வளவு தங்கம் என்பதற்கெல்லாம் அட்டவணை போடுவார்கள். அரக்கனுக்கு என்ன குறை என்று கேட்கிறவன் கிடையாது. பேயும் மாட்டிக்கொண்டது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அதற்குப் போக இடம் இருந்ததோ இல்லையோ, போவதற்கு வழி இல்லை.

அப்புறம் வந்த வருடங்கள் எல்லாம் ஒரே மாதிரி கழிந்தன. காலி இடத்தை நிரப்புவது விதியை மாற்றுவது ஆகாது என்று ஆஸ்கரே ஒப்புக்கொண்டதால், அது எதற்கு வந்திருக்கும் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்கள். பழிவாங்க வந்தது என்று வெண்டல் சொன்னான். யாரைப் பழிவாங்குவது என்று ஆஸ்கர் கேட்டது. சாந்தி வேண்டும் என்று மார்லிஸ் சொன்னாள், ஃபாதரிடம் காசு கட்டிப் பூசை வைத்தார்கள். லூதரன் கல்லறையில் இடம் பிடித்துக் கல் நட்டார்கள். நம்ம கால்பந்து அணி கோப்பை ஜெயிக்கிறதைப் பார்க்க வந்திருக்கும் என்று குபியாக் டெலிவிஷனை இறக்கிவைத்து ஒரு பருவம் முழுவதும் கால்பந்து காட்டினான். ஒவ்வொன்றையும் ஆஸ்கர் மெத்தையை அமுக்கிக்கொண்டு நேர்மையாக யோசிக்கும். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்காக நான் வரலை." பொய் சொல்லக் கூடாது என்று எழுதியவன் வெண்டல்தானே. இதற்கிடையில் காசிமிர் தேவாலயத்து மணி விரிசல் விட்டது. மூடிப்போன வேறு ஒரு தேவாலயத்திலிருந்து பெரிய மணி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டார்கள். எல்லை இரண்டு மைல் தள்ளிப்போனது. பக்கத்து ஊர் சினிமாக் கொட்டகை உள்ளே வந்தது. மார்லிஸ் அந்த மாதம் எல்லாப் படத்தையும் பார்த்தாள், ஒரே படத்தை மூன்று தடவையும் பார்த்தாள். ஹாலரின் கம்பெனி கைமாறி, பிறகு மூடியது. வெண்டல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போனான். மார்லிஸைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வந்த தபால்காரன் நல்லவன்தான். ஆனால் அவள், "இங்கயே இருக்கப்போறதா இருந்தா உன்னைக் கட்டிக்குவேன். ஆனா இருக்கப்போறதா ஒத்துக்க மாட்டேன்," என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு டூசானுக்கு இல்லை என்றாலும் வெகுதூரம் போய்விட்டான்.

பதினோராவது வருடம் வசந்தகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெண்டல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது முன்னறை ஜன்னலில் புதிய திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் துணி, ஓரத்தில் மார்லிஸ் கையாலேயே தைத்த தையல். அதுவரை அந்த வீட்டுக்கென்று அவள் ஒரு ஸ்பூன்கூட வாங்கியதில்லை. துணிமணி எல்லாம் டூசான் போய்வந்த பெட்டிக்குள்ளேயே இருந்தன. அந்தப் பெட்டி இப்போது வாசலில் குப்பைக்காரனுக்காக வைக்கப்பட்டிருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி நின்று கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "நேரா இருக்கா?" என்று கேட்டாள்.

"நேரா இருக்கு," என்றான் வெண்டல். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் பொங்கியது. அம்மா போன பிறகு, இல்லை, அப்பா போன நாளிலிருந்தே அவன் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை என்றுதான் முதலில் தோன்றியது. இனி இவள் போகமாட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். அவன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் பிடித்தான், குடிக்காமல் வைத்துவிட்டான். ஏனென்றால் அந்தச் சந்தோஷம் அவனுக்குப் புதியது இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், மணி விதியை எழுதி முடித்து நிமிர்ந்தபோது வந்ததும் இதே சந்தோஷம்தான். ஆட்டத்தின் நடுவில் எழுந்து போகிறவர்கள் மேல் இருந்த கோபம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வீட்டு மேல்மாடியில் தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், கீழே அவன் யாரும் போகக் கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தான். இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் பதினோரு வருடம் ஒரு பேயைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், உனக்கு என்ன வேண்டும் என்று. வெண்டல் குழாயடியில் நின்று அழுதான். முன்னறையில் மார்லிஸ் ஸ்டூலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை மணி அடித்தது. குபியாக் பியர் பாட்டில்களை ஆஸ்கரின் காலடியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மார்லிஸ் பகடைக்குக் கையை நீட்டினாள். வெண்டல் கொடுக்கவில்லை.

"ஆஸ்கர், நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லு," என்றது நாற்காலி.

"தனியா இருக்கப் பயம். கூட ஒரு ஆள் இருக்கணும், எழுந்து போகாத ஆள். அதுக்குத்தான் வந்தே."

மெத்தை மெல்ல அமுங்கி எழுந்தது. "அது என் பயம் மாதிரி தெரியலையே, வெண்டல்."

"என்னோடதுதான். உன்னை அதை வெச்சுத்தான் செஞ்சேன். வேற சரக்கு அப்போ என்கிட்ட இல்லை."

ஆஸ்கர் யோசித்தது. அறை இன்னும் குளிர்ந்தது, குபியாக்கின் பாட்டில் ஒன்று உறைந்து விரிசல் விட்டது. "பொருந்துது. இத்தனை வருஷத்துல இதுதான் பொருந்துது. ஆனா கூட இருக்கப்போறது யாரு? மூணு பேருமா?"

"ஒரு ஆள்னுதானே சொன்னேன். எழுதினவன் இருப்பான். மத்தவங்களுக்கு இதுல வேலை இல்லை."

"எவ்வளவு நாள்?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

"நான் சீக்கிரம் சொல்வேன்னு தோணலை," என்றது ஆஸ்கர், அதற்குப் பொய் சொல்லத் தெரியாததால். "சரி. எனக்குக் கிடைச்சாச்சு."

குபியாக் வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மார்லிஸ் அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷம் கழிச்சா இதைச் சொல்றே?"

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"பொய்."

"திரைச்சீலையைப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது, மார்லிஸ். நீ அதை மாட்டினப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

அவள் பகடைக்கு நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். "எவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

மார்லிஸ் எழுந்து படியேறிப் போனாள். அந்த வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, குப்பைக்காரன் எடுக்காமல் விட்டிருந்த பெட்டியை அவள் உள்ளே கொண்டுவந்து துடைத்தாள். குபியாக் அன்றைக்கே எல்லை தாண்டி மில்வாக்கி வரைக்கும் லாரி ஓட்டிவிட்டு, அங்கே தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று கண்டு, சாயங்காலமே திரும்பி வந்தான். டார்லீன் மட்டும் அதற்குப் பிறகு அவன் எங்கே போனாலும் போன் செய்யச் சொன்னாள்.

மில்வாக்கி பஸ் நிலையத்துக்கு வெண்டலே காரில் கூட்டிப் போனான். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் சினிமாக் கொட்டகையும் கடந்து, மணியோசை எந்தக் காற்றிலும் எட்டியிராத நெடுஞ்சாலைச் சந்திப்பு வந்தது. மார்லிஸ் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் போய்க்கொண்டே இருந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தோள் குலுங்க அழுதாள். பஸ் ஏறும்போதுதான் பேசினாள்.

"உன்னையும்தானே விட்டுடுச்சு. நீயும் வந்திருக்க இல்ல, இவ்வளவு தூரம்? ஏறு. டிக்கெட் நான் எடுக்கறேன்."

"வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பேய்க்கு!"

"ஆஸ்கருக்கு," என்றான் வெண்டல்.

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, பிறகு அதே கையால் அதைச் சரிசெய்துவிட்டு, ஏறிப் போனாள். மன்னித்தாளா என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றான். நெஞ்சு வலித்தது. அவன் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே வலித்தது, ஆனால் அதனால் அவன் சாகவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகு ஆஸ்கர் நிலவறையில் அடைந்து கிடக்கவில்லை; வெண்டல் போகும் இடமெல்லாம் கூடப் போனது. வெள்ளிக்கிழமை ஊர் உணவகத்தில் மீன் வறுவலுக்கு அவர்கள் உட்காரும் மூலை மேசைப் பக்கம் போகும்போது பரிமாறும் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வெயில் கொளுத்தும் செப்டம்பர் மாதத்தில் வெண்டலின் வகுப்புக்குத்தான் பிள்ளைகள் முட்டி மோதுவார்கள். போதும் என்று ஆஸ்கர் இதுவரை சொல்லவில்லை. மார்லிஸ் டூசானில் பிரசவ வார்டு நர்ஸாகி, அங்கேயே ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். ஊருக்கு அவள் இரண்டு தடவை வந்தாள், இரண்டாம் தடவை பெண் குழந்தையோடு. இரண்டு தடவையும் திரும்பிப் போனாள். இரண்டு தடவையும் போகிற நாள் வந்ததும், அவள் கேட்காமலே வெண்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான். ஆஸ்கர் பின்சீட்டில் ஏறிக்கொண்டது, குழந்தைக்குக் குளிரக் கூடாதென்று கடைசி ஓரமாக.